மூஞ்சியில்லாத பேண்டுக்காரன்

அத்தியாயம் 7

முபீனுக்கு வாய் சும்மா இருக்காது. துக்க வீட்டுக்குப் போனாலும் வாசலில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் திரும்புவான். அப்பேர்ப்பட்டவன் அன்று காலை தான் வேலை பார்க்கிற தல்லாகுளத்து மாடி ஆபீசில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்த அமீருன்னிசாவைப் பார்த்தால் யாருக்கும் பேச்சு வராது. எலும்பும் தோலுமாக இருந்தார். கஞ்சிக்கு மேல் எதுவும் தொண்டையில் இறங்குவதில்லை என்று அவரே சொன்னார், அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வது போல.

அவருடைய ஒரே மகன் சாஜித் வீட்டை விட்டுப் போய் ஆறு வருடமாகிறது. பெற்ற அத்தாவோடு வாய்த்தகராறு. சென்னைக்குப் போறேன் என்று பஸ் ஏறியவன் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தானா என்றே யாருக்கும் தெரியாது. போலீசுக்கு நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். காணவில்லை என்று ஒட்டிய நோட்டீசுகளின் மேல் எத்தனையோ கட்சி போஸ்டர்கள் ஏறிவிட்டன. சுபலட்சுமியின் துப்பறியும் ஆபீசுக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்கிற கேஸ்தான். காணாமல் போனவர்களைத் தேடச் சொன்னால் அவள் எடுத்த எடுப்பிலேயே கையை விரித்துவிடுவாள். இந்த முறை அப்படிச் செய்ய முடியாமல் போனதற்குக் காரணம் அமீருன்னிசா தன் போனில் காட்டிய ஒரு போட்டோ.

மஞ்சள் பிளாஸ்டிக்கில் கட்டைவிரல் உயரப் பொம்மை. கழுத்தில் டிரம்மை மாட்டிக்கொண்டு நிற்கிற பேண்டுக்காரன். தொப்பி இருந்தது, சட்டையில் பித்தான் இருந்தது, பூட்ஸ்கூட இருந்தது. முகம் மட்டும் இல்லை. கண்ணும் மூக்கும் மீசையும் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது.

ஒரு காலத்தில் மயில்ராணி டீத்தூள் பாக்கெட்டுக்குள் இலவசமாகப் போட்டுக் கொடுத்த கல்யாண பேண்டு செட் அது. சாஜித் பள்ளிக்கூடம் போகிற வயதில் சேர்க்க ஆரம்பித்து, மீசை முளைத்தும் விடவில்லை. ஒரே பொம்மையில் ஒன்றுக்கு நாலு பித்தான், இன்னொன்றுக்கு ஐந்து பித்தான் என்று கண்டுபிடித்துவிட்டால் அன்று அவனுக்குப் பெருநாள். வீட்டை விட்டுப் போனபோது மாற்றுத்துணி எடுத்தானோ என்னவோ, பொம்மை டப்பாவை எடுத்துக்கொண்டான்.

முகம் இல்லாததற்கு அமீருன்னிசா சொன்ன காரணம் சுபலட்சுமிக்குப் புதிது, முபீனுக்குப் பழையது. தொழுகிற வீட்டில் உருவம் இருந்தால் மலக்குகள், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள். அதனால் டீத்தூளிலிருந்து பொம்மை வந்ததும் துவைக்கிற கல்லில் வைத்து அதன் முகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் மகன் கையில் கொடுப்பாராம். அவன் ஆறாம் வகுப்புக்குப் போனதும் பொம்மைகளை அத்தாவின் மரப்பட்டறைப் பரணில் வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வராத பொம்மை எந்த மூஞ்சியோடு இருந்தால் என்ன என்று அவரும் விட்டுவிட்டார்.

அப்போதுதான் முபீனுக்கு வாய் வந்தது.

"எங்கம்மா கத்தியைச் சுட வச்சு வழிச்சிரும் மாமி. நான் வச்சிருந்தது சிங்கமா குரங்கான்னு வாலைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்."

அமீருன்னிசா சிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த பொம்மை என்று கைக்குட்டையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். அதே செட்டில் ஊதுகுழல்காரன், அவர் கையால் முகம் போனவன். போட்டோவில் இருக்கிற பொம்மையைத் தேய்த்தது யார் என்று மட்டும் கண்டுபிடித்துச் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டு படி இறங்கிப் போனார். மகனைத் தேடித் தரச் சொல்கிறார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

போட்டோவை அந்தம்மாவுக்கு அனுப்பியவர் கீழக்குயில்குடி அருள்பாண்டி. பகலில் கவர்மெண்ட் உத்தியோகம், மற்ற நேரமெல்லாம் பொம்மை. சாஜித்தும் அவரும் வருடக்கணக்காகப் பொம்மை மாற்றிக்கொண்டவர்கள். சமணர் மலையைப் பார்த்த வீட்டில் முன்னறை முழுக்கக் கண்ணாடி அலமாரி. அவருடைய மனைவி உட்கார இடமில்லாமல் அடுப்படியிலேயே குடியிருக்கிறார் என்பதை முபீன் போன உடனே கவனித்தான்.

மொட்டை மூஞ்சி என்பது பொம்மை சேர்க்கிறவர்கள் உலகத்தில் பெரிய சமாச்சாரம் என்று அருள்பாண்டி விளக்கினார். அச்சில் முகம் இருக்கிற குழியில் பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டதால் வந்த கம்பெனிப் பிழை. அவரிடம் ஏற்கெனவே ரெண்டு இருந்தன, ரெண்டும் சாஜித் கொடுத்தவை. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர் கொடுக்கவில்லை.

"அண்ணே, இது கம்பெனி பண்ண தப்பு இல்ல. எங்க வீட்டு அம்மாமாரு பண்ற வேலை" என்றான் முபீன்.

அருள்பாண்டி அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் புதிதாக வந்த டிரம்காரனைப் பஞ்சில் வைத்து எடுத்து வந்தார். பழைய ரெண்டையும் பக்கத்தில் வைத்து டிரம்மைப் பார்க்கச் சொன்னார். பழையவற்றில் டிரம்மைச் சுற்றி ஒரு கோடு, புதியதில் ரெண்டு கோடு. கம்பெனி பழைய அச்சு தேய்ந்துபோய்ப் புது அச்சு வெட்டியபோது ஒத்தக்கோடு ரெட்டைக்கோடாகிவிட்டதாம். மொட்டை மூஞ்சியில் ரெட்டைக்கோடு இதுவரை யாரும் பார்த்ததில்லை என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

"புது அச்சு எப்ப வந்துச்சு?" என்று சுபலட்சுமி கேட்டாள்.

"சாஜித் காலேஜ் படிச்சப்ப. மொத பாக்கெட்டை இந்த வீட்ல வச்சுத்தான் பிரிச்சோம். அன்னைக்கு அவன் பட்ட சந்தோசத்தை நீங்க பாக்கணுமே."

சுபலட்சுமி முபீனைப் பார்த்தாள். அவனும் அதையேதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அம்மா தேய்ப்பதை நிறுத்தியது மகன் ஆறாவது படிக்கும்போது. ரெட்டைக்கோடு வந்தது அவன் காலேஜ் போன பிறகு. அப்படியானால் இந்த முகத்தைத் தேய்த்தது அந்தம்மா இல்லை.

பொம்மை திருவாதவூரில் பேயாண்டி என்பவரின் பழைய சாமான் கடையில் கிடைத்தது என்றார் அருள்பாண்டி. கேட்காமலே பேயாண்டி எடுத்துக் கையில் கொடுத்தாராம். பொம்மையைக் கொஞ்ச நேரம் கொண்டுபோக அனுமதி கேட்டபோது மட்டும் மனிதர் முகம் கறுத்துவிட்டது. கடைசியில் முபீனின் டிரைவிங் லைசென்சை அடமானமாக வாங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

"அந்த லைசென்சு போட்டோவுல எனக்கும் மூஞ்சி சரியா விழலண்ணே. வித்துறாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தான் முபீன்.

முபீன் ஸ்கூட்டரில் ஊரைக் குறுக்கே கடந்து ஒத்தக்கடை வந்தான். யானைமலையைத் தாண்டியதும் பின்னால் இருந்து சுபலட்சுமி மெதுவாகச் சொன்னாள். சாஜித்தே இதைத் தேய்த்திருந்தால்? ஊருக்கெல்லாம் அது அச்சுப் பிழை, அம்மாவுக்கு மட்டும் அதன் அர்த்தம் தெரியும். வீட்டுக்கு வர முகமில்லாதவன், நான் உயிரோடு இருக்கிறேன் என்று அம்மாவுக்கு மட்டும் புரிகிற மாதிரி ஒன்றைச் சந்தையில் விட்டிருக்கலாம்.

இந்த ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து முபீன் கொண்டுபோய்ச் சேர்த்ததெல்லாம் கெட்ட சேதிதான். மாப்பிள்ளைக்கு வேறு குடும்பம் இருக்கிறது, மருமகன் வேலையில் இல்லை, இந்த மாதிரி. ஒரே ஒரு தடவை ஒரு வீட்டு வாசலில் நின்று நல்ல சேதி சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது, அவன் வண்டியை முறுக்கினான்.

பேயாண்டியின் கடை என்பது ஒரு வேப்பமரமும் அதைச் சுற்றி ஊர் கழித்துப் போட்ட சாமான்களும்தான். ஒரு பக்கம் இரும்பு, ஒரு பக்கம் சாக்கு மூட்டைகள், சுவரோரமாக இடித்த வீடுகளின் தேக்குக் கதவுகள். பேயாண்டி பொம்மையைப் பார்த்ததும் தயங்காமல் பேசினார். ஒரு பையன் கொண்டுவந்து கொடுத்தான் என்றார். ஒல்லியான ஆள், சின்னதாகத் தாடி, இடது புருவத்துக்கு மேல் வெட்டுத்தழும்பு, நீலக் கட்டம் போட்ட சட்டை, கறுப்பு பேண்ட்.

சுபலட்சுமி போனில் இருந்த காணவில்லை நோட்டீசை எடுத்துப் பார்த்தாள். தாடி, தழும்பு எல்லாம் பொருந்தியது. முபீன் அதற்குள் அமீருன்னிசாவின் நம்பரைத் தேடி எடுத்துவிட்டான். விரல் பச்சைப் பட்டனைத் தொடுவதற்கு முன்னால் சுபலட்சுமி அவன் கையைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனாள்.

"அவர் சொன்ன சட்டை என்ன கலரு?"

"நீலக் கட்டம்."

"நோட்டீஸ்ல?"

"நீலக் கட்டம்தான்க்கா. கரெக்டா இருக்கே."

"வீட்டை விட்டுப் போன அன்னைக்குப் போட்ட சட்டைடா அது. ஆறு வருசமா அதையேவா போட்டுட்டிருக்கான்?"

முபீன் போனைச் சட்டைப் பையில் போட்டான். பேயாண்டி ஆளைப் பார்க்கவில்லை. நோட்டீசை ஒப்பித்திருக்கிறார். அப்படி ஒப்பிக்கச் சொல்லி யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

அவன் கைக்குட்டையிலிருந்த ஊதுகுழல்காரனையும் அருள்பாண்டி வீட்டு டிரம்காரனையும் வெயிலில் பிடித்துப் பார்த்தான். இதைக் காலையிலேயே செய்திருக்க வேண்டும். அமீருன்னிசா தேய்த்த முகத்தில் கீறலெல்லாம் வட்ட வட்டமாக இருந்தது. கல்லில் பொம்மையை வைத்து அழுத்திச் சுற்றினால் அப்படித்தான் வரும். டிரம்காரன் முகத்தில் ஒரு வட்டம்கூட இல்லை. நெற்றியிலிருந்து தாடைக்கு மேலும் கீழுமாக, நேர் நேராக, ஒரே போக்கில் கோடுகள்.

திரும்பிச் சுவரோரம் இருந்த கதவுகளைப் பார்த்தான். ஒரு கதவின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பெயிண்டைத் தேய்த்து எடுத்து மரம் தெரிந்தது. அங்கேயும் நார் போகிற போக்கிலேயே நேர் நேராகக் கோடுகள். உப்புத்தாளை வட்டமாகச் சுற்றித் தேய்த்தால் மரத்தில் தழும்பு விழும் என்று மரவேலை தெரிந்தவன் கையை அந்தப் பக்கம் திருப்பவே மாட்டான்.

"இந்தக் கதவைத் தேச்சது யாருண்ணே?"

"தேக்கா வேற மரமான்னு பாக்க பாய் தேச்சாரு. அவருக்குத்தான் எடுத்து வச்சிருக்கேன்" என்றார் பேயாண்டி. சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் துண்டை உதறிக் கீழே விரித்து உட்கார்ந்தார்.

எந்த பாய் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பழைய கதவு வாங்கிக் கட்டில் செய்கிற பாய், சாஜித்தின் அத்தா சிஹாபுதீன். அதற்கு மேல் பேயாண்டி மறைக்கவில்லை. சாக்கில் கிடந்த இந்தப் பொம்மையை அவரே தேடி எடுத்துப் போய், முகமில்லாமல் திருப்பிக் கொண்டுவந்து, கீழக்குயில்குடிக்காரர் வந்தால் கொடுக்கச் சொன்னாராம். யாராவது கேட்டால் நோட்டீசில் இருக்கிற அடையாளத்தைச் சொல்லச் சொன்னதும் அவர்தானாம். அதைப் பார்த்ததும் அந்த ஆள் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் இருக்க மாட்டார் என்று பாய்க்குத் தெரிந்திருக்கிறது.

"வீட்ல ஒரு உசுரு சோறு தண்ணி இல்லாம கெடக்குப்பா, அதுக்காகத்தான்னாரு. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க?" என்றார் பேயாண்டி.

திரும்பி வரும்போது வண்டியைச் சுபலட்சுமிதான் ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்து முபீன் தனக்குத்தானே சொல்வது போலச் சொல்லிக்கொண்டு வந்தான். சாஜித்தாக இருந்தால் ரெட்டைக்கோட்டில் கை வைத்திருக்க மாட்டான். அம்மா தேய்த்ததெல்லாம் ஒத்தக்கோடுதான் என்பது அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். எல்லாப் பொம்மையும் ஒன்றுதானே என்று நினைக்கிற ஆள்தான் இந்தத் தப்பைப் பண்ண முடியும்.

பட்டறை தெற்குவாசலுக்கு உள்ளே ஒரு சந்தில் இருந்தது. வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சிஹாபுதீன் ஒரு நாற்காலிக் காலை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுபலட்சுமி டிரம்காரனை எதிரே இருந்த பலகையில் நிறுத்தினாள். அவர் அதைப் பார்த்தார், கை நிற்கவில்லை. உப்புத்தாள் மேலும் கீழுமாகப் போய்வந்துகொண்டே இருந்தது.

அவளே ஆரம்பித்தாள். ரெண்டு கோடு, ஒரு கோடு விவரத்தைச் சொன்னாள். அவர் பொம்மையைக் கையில் எடுத்து டிரம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல இம்புட்டு இருக்கா" என்றார். "அவன் காட்ட வருவான். இங்க பாருங்கத்தான்னு ஓடி வருவான். வேலையைப் பாருடா, இருபத்தஞ்சு வயசுல பொம்மை என்ன பொம்மைன்னு ஏசுவேன். ஒரு தடவைகூடக் கையில வாங்கிப் பாத்ததில்ல. பேயாண்டி சாக்குல கெடந்தப்பதான் மொத மொதலா எடுத்துப் பாக்குறேன்."

"சாஜித் இருக்கானா பாய்?" என்று சுபலட்சுமி கேட்டாள்.

அவர் நாற்காலிக் காலைக் கீழே வைத்தார். நோட்டீசில் இருந்தது அவருடைய நம்பர். அதனால் போன் அவருக்குத்தான் வந்தது, மகன் போன ரெண்டாவது வருடமே. எங்கோ வெளிமாவட்டத்து ஸ்டேஷன். ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்திருக்கிறது, பையையும் போனையும் எவனோ கிளப்பிக்கொண்டு போயிருக்கிறான். பெயர் தெரியாத உடம்பைப் பொது இடத்தில் புதைத்து ரொம்ப நாளாகியிருந்தது. அவரிடம் ஒரு போட்டோவைக் காட்டினார்கள், போட்டோவில் தழும்பு இருந்தது.

"எந்த எடம்னு கேட்டேன். அந்தப் பக்கம்னு கையைக் காட்டுனாங்க. புல்லா கெடந்துச்சு. கையேந்தி நின்னு ஓதிட்டு, பஸ் ஏறி வந்து இதே எடத்துல உக்காந்து ஒரு பீரோவுக்குப் பாலிஷ் போட்டேன். அவன் போனதே என்னாலதான். அதை அவகிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

நாலு வருடம் சொல்லாமல் சுமந்தார். இந்த வருடம் அவர் மனைவி சோற்றை ஒதுக்க ஆரம்பித்ததும், மகன் எங்கோ இருக்கிறான் என்கிற நினைப்பாவது அந்தம்மாவைச் சாப்பிட வைக்கட்டும் என்று பொம்மையைத் தேய்த்தார். சாஜித் இருக்கிறான், பிடிபடாமல் திரிகிறான் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினார். இன்று காலை இவர்களைப் பார்த்துவிட்டு வந்ததும் அவள் ஒரு பிடி சோறு தின்றாள் என்றார்.

சுபலட்சுமி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். பொய் சொல்வது அவளுக்கு வராது, மெய்யைச் சொல்லவும் அன்று முடியவில்லை. நான் போறேன் என்றான் முபீன். துப்பு அறுந்துபோச்சு, இன்னும் தேடுறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். அந்த அளவுக்குப் பொய் தனக்குச் சாதாரணம் என்று நினைத்துக்கொண்டு அந்தச் சந்தைத் தாண்டி அவர்கள் வீட்டுக்குப் போனான்.

அமீருன்னிசா பிற்பகல் அசர் தொழுகையை முடித்துவிட்டுத் தொழுகைப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவனை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவன் மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்லத் தொடங்குவதற்குள் அவரே கேட்டார்.

"அவருதானே தேச்சாரு?"

முபீன் குடிக்க எடுத்த செம்பைக் கீழே வைத்தான்.

"போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு தம்பி. நாப்பது வருசமா அவரு மரம் தேய்க்கிறதைப் பாக்குறேன்."

பின்னே ஏன் தங்களை அலைய விட்டார் என்று அவன் கேட்டான்.

"மகன் வருவான்னு அவரு நம்புறதா இருந்தா இந்தப் பொம்மையை எதுக்குத் தேய்க்கணும்? வரமாட்டான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்டச் சொல்லமாட்டாரு. நான் கேட்டா நெஞ்சு வெடிச்சுச் செத்துருவாரு. மத்தவங்க போய்க் கேட்டாத்தான் சொல்லுவாருன்னு உங்களை அனுப்புனேன். சொல்லிட்டாரா?"

முபீன் தலையை ஆட்டினான். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கே அடக்கியிருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். சிஹாபுதீன் சொன்னதை அவன் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். போட்டோ, தழும்பு, புல் எல்லாம். அவர் எதுவும் குறுக்கே கேட்கவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் உதட்டுக்குள்ளேயே ஓதினார், வெகு நேரம் ஓதினார்.

பிறகு கண்ணைத் திறந்து, இது எப்போது நடந்தது என்று திரும்பக் கேட்டார். நாலு வருடம் என்றான் முபீன்.

"நாலு வருசமா அந்தப் பட்டறையிலேயே உக்காந்து அழுதிருக்காரு. எனக்குத் தெரியக் கூடாதுன்னு" என்றார் அமீருன்னிசா. அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "போயி அவரைக் கூட்டிட்டு வா தம்பி. எனக்குத் தெரியும்னு சொல்லு. இனிமே வீட்லயே அழுகலாம்னு சொல்லு."